போகாத கறுப்பு

நாகஜோதியின் வலது கை விரல்கள் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். சிவகாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி, "வீட்ல விசேசமா, மஞ்சள் இடிச்சீகளா?" என்று கேட்டுவிட்டாள். நாகஜோதி ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். அது பிக்ரிக் அமிலத்தின் கறை என்று சொல்லி, அது என்ன, எதற்கு என்று விளக்கி முடிப்பதற்குள் திருத்தங்கல் வந்துவிடும்.

நாரணாபுரத்திலிருந்து விருதுநகருக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறாள். பத்தொன்பது வருஷமாக இதே ஓட்டம்தான். மதுரை ரோட்டில் ஒரு தனியார் லேப். கீழே ரத்தம், சர்க்கரை பார்க்கிறவர்களின் கூட்டம். மாடியில் திசுப் பரிசோதனை. மாடியில் வேலைக்கு அவள் ஒருத்திதான். ஆபரேஷனில் வெட்டி எடுத்த துண்டு பாட்டிலில் மிதந்து வரும். அதை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி, டாக்டர் சுகிர்தாவின் மைக்ராஸ்கோப் அருகே வைப்பாள். சுகிர்தா மதியம் மூன்று மணிக்கு வருவார், பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். ரிப்போர்ட் வாங்கிப் போகிற ஜனங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் கடவுள். சீவினது யார், சாயம் போட்டது யார் என்று எந்தத் தாளிலும் இருக்காது. நாகஜோதிக்கு அதில் குறையொன்றும் இருந்ததில்லை. சொல்லப்போனால், பேர் வெளியே தெரியாமல் இருப்பதே அவளுக்கு நிம்மதி.

அவள் படிக்கப் போனதே ஒரு சாவினால்தான். அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அக்கா வீரலட்சுமி ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். சாயங்காலம் அறையைச் சாத்துமுன் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றி, சிந்தின மருந்தையெல்லாம் ஊறவைத்துத்தான் பெருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, தொட்டி காலி. மேஸ்திரி சும்மா பெருக்கச் சொன்னான், அவளும் பெருக்கினாள். உரசலில் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தது அக்கா என்று சொல்லித்தான் நம்ப வேண்டியிருந்தது. "ஒரு கொடந் தண்ணி ஊத்தியிருந்தா" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில்தான் போய் முடிப்பாள். இரண்டாவது மகளைப் பட்டாசுப் பக்கமே விடவில்லை. லேப் டெக்னீசியன் படிக்க வைத்தாள்.

விதிக்கும் ஒரு குசும்பு உண்டு போலிருக்கிறது. பட்டாசிலிருந்து தப்பித்து வந்தவளின் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. பிக்ரிக் அமிலம் ஈரத்தில் இருக்கிறவரை சாதுவான சாயம். காய்ந்துவிட்டால் வெடிமருந்து, மூடியின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த துளிகூட, திருகுகிற உரசலில் வெடிக்கலாம். எந்த லேபிலும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நாகஜோதியால் அப்படிக் கேட்டுக்கொண்டு போக முடியவில்லை. சனிக்கிழமை தோறும் மூடியை ஈரத்துணியால் துடைப்பாள், பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றுவாள். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் மணலாய்ப் படிவு கிடக்க வேண்டும், அப்போதுதான் மேலே நிற்கும் கரைசல் முழு வீரியத்தோடு இருக்கிறதென்று அர்த்தம். அவளுக்கு அந்தப் படிவு காய்ந்த மருந்தாகவே தெரியும். அது கரைகிறவரை ஊற்றுவாள். கரைந்த பிறகும், பழகின கை நிற்காமல் ஊற்றும். பிக்ரிக் எவ்வளவு நீர்த்தாலும் மஞ்சள் குறையாது. பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அவளுக்கும் தெரியவில்லை.

அந்தப் பாட்டில் எதற்கென்றால், ரத்தக்குழாய்களை இனம் பிரிக்கும் ஒரு சாயத்துக்கு. வி.வி.ஜி. என்பார்கள். வருஷத்துக்கு ஐந்தாறு தடவைதான் தேவைப்படும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த அரைச் சென்டிமீட்டர் துண்டில், அதுவும் வயதானவர்களின் துண்டில், எது தமனி எது சிரை என்று சாதாரணச் சாயத்தில் சொல்லிவிட முடியாது. தமனியின் உள்சுவரை ஒட்டி ரப்பர்போல் இழுபடும் நாரால் ஆன ஒரு வளையம் உண்டு. சிரையில் அந்த வளையம் கிடையாது. நார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். வி.வி.ஜி.யில் முதலில் தகடு முழுவதையும் கறுப்பாக்க வேண்டும். பிறகு ஃபெரிக் குளோரைடில் முக்கி முக்கிக் கறுப்பை வெளியேற்ற வேண்டும். நாரில் பிடித்த கறுப்பு கடைசியாகத்தான் போகும். அது போவதற்குள் நிறுத்திவிட வேண்டும். இதற்குக் கடிகாரம் உதவாது, கண்தான் கணக்கு. அதன்பின் பிக்ரிக் கலந்த சாயத்தில் வைத்தால், மிச்சமிருக்கும் வேண்டாத கறுப்பை அது எடுத்துவிடும். அதனால் ஃபெரிக் குளோரைடில் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்துவது வழக்கம். தமனியாக இருந்தால் சுருள் சுருளாக ஒரு கறுப்புக் கோடு நிற்கும். நாகஜோதியின் கோடுகளைப் பார்த்து சுகிர்தா மதுரையில் பாடம் நடத்தப் படமெடுத்துப் போயிருக்கிறார்.

அக்டோபர் தொடக்கத்தில் வெள்ளைத்தாயின் துண்டு வந்தது. விஸ்வநத்தத்துக்காரி, அறுபத்தாறு வயது. வெடிச் சரம் பின்னுகிறவள். இரண்டு மாதமாக நெற்றிப்பொட்டில் குத்தல். சீப்பு பட்டாலே தலை எரியும், வெற்றிலை மென்றால் தாடை வலிக்கும். மருந்து வாடை தலைக்கேறிவிட்டதென்று தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் பார்வை இல்லை. கண் டாக்டர் சந்தேகப்பட்டது பொட்டுத் தமனியில் வரும் அழற்சியை. அப்படியென்றால் அவர் ஆரம்பித்துவைத்த ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த கண்ணும் போகும். ஆனால் அந்த மாத்திரை அவள் சர்க்கரையை நானூறுக்கு மேல் ஏற்றிவிட்டது. அதனால் பொட்டுத் தமனியில் ஒரு துண்டை வெட்டி, பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

சாதாரணச் சாயத்தில் அழற்சியே இல்லை. சுகிர்தா நெற்றியைச் சுருக்கினார். "இது ஆர்ட்டரிதானா? வெயினை வெட்டிட்டு வந்துட்டாங்களான்னு பாக்கணும். வி.வி.ஜி. போடு."

நாகஜோதி போட்டாள். சரிபார்ப்புக்காக, ஏற்கனவே தமனி என்று தெரிந்த ஒரு துண்டையும் கூடவே சாயமேற்றினாள்; அதில் கோடு அழகாக நின்றது. வெள்ளைத்தாயின் துண்டிலும் கோடு இருந்தது. கொஞ்சம் தடிப்பாக, அங்கங்கே திட்டுத்திட்டாக, ஆனாலும் கோடு. சுகிர்தா பார்த்தார், எழுதினார்: தமனி, அழற்சி இல்லை. மாத்திரை நின்றது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, சர்க்கரையால் வெட்டின கால் ஒன்றிலிருந்து தமனியும் சிரையும் சேர்ந்த துண்டு வந்தது. இரண்டு தகடுகளுக்கு வி.வி.ஜி. போட வேண்டியிருந்தது. முதல் தகட்டோடு பழைய பிக்ரிக் தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து வந்திருந்த புதுப் பாட்டிலைத் திறந்தாள். அடியில் மஞ்சள் படிவு அப்படியே கிடந்தது, அவள் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. இரண்டாவது தகட்டை அதில் கலந்த சாயத்தில் முடித்தாள். பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள்.

இரண்டிலும் தமனியில் கோடு இருந்தது. இரண்டாவது தகட்டில் சிரையில் கோடு இல்லை. முதல் தகட்டில் சிரையிலும் கோடு இருந்தது.

ஒரே கட்டியில், ஒரே கத்தியில், அடுத்தடுத்துச் சீவின துண்டுகள். நாகஜோதி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முதல் தகட்டில் பிக்ரிக் எடுத்திருக்க வேண்டிய கறுப்பு போகவே இல்லை. போகாமல் சிரையின் சுவரில் தங்கி, கோடு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நின்றது. பிக்ரிக்குக்கு அதை எடுக்கத் தெம்பில்லை. தெம்பில்லாமல் பண்ணினது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தமனியை வைத்து மட்டும் சரிபார்த்தால் இது தெரியாது, தமனியில் கோடு எப்படியும் இருக்கும். ஒரு சிரையையும் சேர்த்து வைத்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

அடுத்த நிமிஷம் வெள்ளைத்தாயின் பேர் ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து அந்த மெழுகுக் கட்டியை எடுத்தாள். சீவும்போது இரண்டு துண்டு கிழிந்தது, பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு அப்படி ஆனதில்லை. மூன்றாவது துண்டைப் புதுச் சாயத்தில் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கோடு இல்லை. நார்கள் சிதறிக் கிடந்தன. அவர்கள் வெட்டி அனுப்பினது சிரை. பொட்டுத் தமனியை யாரும் பார்க்கவே இல்லை. அதில் அழற்சி இல்லையென்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை. அந்தத் தப்பை அன்றைக்கே பிடித்திருக்க வேண்டிய சாயத்தை அவள்தான் கெடுத்து வைத்திருந்தாள்.

சுகிர்தாவின் போன் அணைந்திருந்தது, வகுப்பில் இருப்பார். மணி பதினொன்றரை. நோயாளிகளோடு டெக்னீசியன் பேசக் கூடாதென்பது லேபின் சட்டம். நாகஜோதி பத்து நிமிஷம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு விண்ணப்பத் தாளிலிருந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது வெள்ளைத்தாயின் மகன் தங்கப்பாண்டியன். பின்னால் லாரி உறுமும் சத்தம்.

"லேப்புலேர்ந்து பேசுறேன். ஒங்கம்மா அந்த மாத்திரைய சாப்புடுறாகளா?"

"நிறுத்திட்டாகளேக்கா, ரிப்போர்ட்டுதான் நல்லா வந்துருச்சே."

"கண்ணு எப்பிடி இருக்கு?"

"நேத்துலேர்ந்து இந்தக் கண்ணும் பொகை மூட்டமா இருக்குங்குது. அழுதுக்கிட்டே இருக்குல்ல, அதனால இருக்கும். தீவாளி சீசன், ரெண்டு லோடு போகணும். ஏத்தி விட்டுட்டு ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

நாகஜோதி எழுந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் வேண்டாம் தம்பி. லோடு கெடக்கட்டும். இப்பவே கார் பிடிச்சு மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அந்த ரிப்போர்ட்டு தப்பு. திருப்பிப் பாத்துட்டோம். டாக்டருக்குச் சொல்லிருதேன், நீங்க கெளம்புங்க."

ரிப்போர்ட் தப்பு என்றாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வந்த சுகிர்தா முதலில் கோபப்பட்டார். "என்னைக் கேக்காம நீ எப்படி பேஷண்ட் வீட்டுக்குப் பேசலாம்?" நாகஜோதி வெள்ளைத்தாயின் பழைய தகட்டையும் புதுத் தகட்டையும் எடுத்து வைத்தாள். சுகிர்தா வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாகஜோதி தண்ணீர் ஊற்றினதை, எத்தனை வருஷமாக ஊற்றுகிறாள் என்பதை, ஒன்று விடாமல் சொன்னாள்.

"கோடு திட்டுத்திட்டா இருந்ததை நானும்தான் பாத்தேன்," என்றார் சுகிர்தா. "இழுத்துப் பிடிச்சு ஆர்ட்டரின்னு எழுதினது நான். கையெழுத்து என்னுது." மதுரைக் கண்ணாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். திருத்திய ரிப்போர்ட் எழுதினார்: மறுபடி சாயமேற்றிப் பார்த்ததில் இந்தத் துண்டு சிரை எனத் தெரிகிறது, முந்தைய முடிவை ஏற்க வேண்டாம். ஏன் மறுபடி சாயமேற்றினார்கள் என்று அதில் இல்லை. அப்படி எழுதுகிற வழக்கமும் இல்லை.

மதுரையில் மூன்று நாள் ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அடுத்த பக்கத்துப் பொட்டில் உண்மையான தமனியை வெட்டிப் பார்த்தார்கள். அழற்சி இருந்தது. இடது கண் முழுதாக அணைந்துபோகவில்லை. வெளிச்சம் தெரிந்தது, ஆள் நடமாட்டம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அன்றைக்கே வந்ததால் இதாவது நின்றது என்றார்கள். இதெல்லாம் சுகிர்தா மூலமாக நாகஜோதியின் காதுக்கு வந்தது. பிக்ரிக் பாட்டிலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அடியில் கிடக்கும் படிவைப் பார்ப்பாள், கை தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகும், இழுத்துக்கொள்வாள். இரண்டு பயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

அவள் புருஷன் கருப்பணன் அச்சகத்துக்குக் காலண்டர் லோடு அடிக்கிறவன், எதையும் மனசில் போட்டு உழப்பாதவன். "தப்புன்னு கண்டுபிடிச்சதே நீதான. போன் பண்ணி மிச்சக் கண்ணக் காப்பாத்துனதும் நீதான. டாக்டரே தன் கையெழுத்துங்காக. நீ எதுக்குக் கெடந்து சாகுற?" என்றான். அவன் சொல்வதில் பொய்யில்லை. ஆனாலும் அவளுக்கு அது ஒட்டவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் விஸ்வநத்தம் போனாள். ஏன் போகிறாளென்று கேட்டிருந்தால், பார்த்துவிட்டு வரத்தான் என்று சொல்லியிருப்பாள்.

தங்கப்பாண்டியன் வாசலுக்கு ஓடி வந்தான். "அம்மா, லேப்புலேர்ந்து வந்துருக்காகம்மா. அன்னைக்குப் போன் பண்ணுனாகள்ல, அவுகதான்." நாற்காலி போட்டான், காபிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போனான்.

வெள்ளைத்தாய் கட்டிலில் இருந்தாள். ஸ்டீராய்டில் முகம் உப்பியிருந்தது. சத்தம் வந்த திசைக்குக் கையை நீட்டினாள். நாகஜோதி பக்கத்தில் போனதும் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க தாயி. ஒங்க பேரு என்னன்னு இவன்கிட்ட கேட்டேன், கேக்க மறந்துட்டேம்மாங்கான். பேரு தெரியாமயே ஒங்களுக்கும் சேத்து மாரியாத்தாளுக்கு ஒரு தேங்கா ஒடைக்கச் சொன்னேன். அம்புட்டுப் பேரு பாத்தாக, ஒங்களுக்குத்தான திருப்பிப் பாக்கணும்னு தோணிருக்கு. வெளிச்சமாவது தெரியுது. பேரன் ஓடுறது நெழலாத் தெரியுது."

நாகஜோதி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "பெரியம்மா, ஒண்ணு சொல்லணும். மொத ரிப்போர்ட்டு தப்பாப் போனது என்னாலதான். வெட்டுனது வேற கொழாய். அத அன்னைக்கே காட்டிக் குடுக்கணும் என் சாயம். நான் பயந்துக்கிட்டு மருந்துல தண்ணிய ஊத்தி ஊத்தி அதக் கெடுத்து வச்சிருந்தேன். அந்த ரிப்போர்ட்ட நம்பித்தான் ஒங்க மாத்திரைய நிறுத்துனாக."

கிழவியின் பிடி தளர்ந்தது.

"சாயம் போட்டது நீ," என்றாள்.

"ஆமா."

"நிறுத்தாம இருந்திருந்தா இந்தக் கண்ணு நின்னிருக்குமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்காக." அதோடு நிறுத்த நாகஜோதிக்கு மனசு வரவில்லை. "நின்னிருக்கும் பெரியம்மா."

வெள்ளைத்தாய் அவள் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுத? ரெண்டு மாசமா, முகந்தெரியாத ஒருத்தி நமக்கு நல்லது செஞ்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டுப் போக வந்தியாக்கும்."

தன் பாரத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில், அதை ஒரு குருட்டுப் பொம்பளையின் தலையில் ஏற்றிவிட்டோம் என்று அப்போதுதான் நாகஜோதிக்கு உறைத்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றாள். சொல்லிக்கொண்டு போகலாமா, சொல்லாமல் போகலாமா என்று தெரியவில்லை.

"போயிராத, நில்லு," என்றாள் வெள்ளைத்தாய். குரலில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. "சாப்புட்டாச்சு, மாத்திரை போடணும். இந்தப் பய எடுத்து வைக்காமப் போயிட்டான். அந்த டப்பாவுல நாலு அட்டை கெடக்கு, எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. கண்ணு மாத்திரைய எடு."

நாகஜோதி டப்பாவைத் திறந்தாள். சர்க்கரைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. நான்காவது ஸ்டீராய்டு. சீட்டைப் பார்த்து அளவைச் சரிபார்த்து, இரண்டு மாத்திரைகளைப் பிரித்து, நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்தாள். செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தாள்.

கிழவி விரலை மூடிக்கொண்டாள், வாயில் போடவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் பெரியம்மா."

"இன்னொரு தடவ பாரு."

நாகஜோதி அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பேரை எழுத்து எழுத்தாக, சத்தமாக வாசித்தாள். அளவை வாசித்தாள். சீட்டில் இருந்ததையும் வாசித்தாள். வெள்ளைத்தாய் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.